முடிந்துபோகும் உரிமை: ‘அயர்ன் மேன் 3’ஐ முன்வைத்து

மார்வெல் படங்களை எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று பட்டியல் போடுவது இன்று தனியொரு எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டது. அப்பட்டியல்களில் 2013இல் வந்த ‘அயர்ன் மேன் 3’ பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் உட்கார வைக்கப்படுகிறது. பார்த்தால் பாருங்கள், பார்க்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்பது அதன் மீதான தீர்ப்பு. சொல்லப்படும் காரணம் எளிமையானது. அந்தப் படத்தில் முடிவிலிக் கல் எதுவும் இல்லை, தானோஸ் இல்லை, அடுத்த படத்துக்கான துப்பு ஒன்றுகூட இல்லை. ஆகவே அது ‘ஃபில்லர்’.

இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஓர் அளவுகோல் இருக்கிறது. பொதுக் கதையுலகம் ஒன்றில் வரும் தொடர்ச்சிப் படம், அந்த உலகத்தை எவ்வளவு தூரம் நகர்த்துகிறதோ அவ்வளவுதான் அதன் மதிப்பு என்கிறது அது. அளவுகோல் இங்கேயும் வந்து சேர்ந்தாயிற்று. ‘கைதி’, ‘விக்ரம்’ படங்களை லோகேஷ் கனகராஜ் ஒரே உலகமாகக் கோத்த பிறகு, ‘லியோ’ வெளியாகும்வரை அது எப்படிப்பட்ட படம் என்பதைவிட அந்த உலகத்தில் சேருமா, சேராதா என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. தயாரிப்பு நிர்வாகி ஒருவர் இப்படி அளந்து பார்ப்பதில் தவறில்லை. அது அவர் பிழைப்பு. விமர்சகரும் ரசிகரும் அதையே கையில் எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. மார்வெல் திரையுலகின் ஆகச் சிறந்த தொடர்ச்சிப் படம் ‘அயர்ன் மேன் 3’ என்பது என் தரப்பு. அதை அந்த உலகம் நடத்திய விதத்தில்தான் அதன் இன்றைய நோய்க்கான காரணமும் இருக்கிறது.

பொதுக் கதையுலகம் மார்வெல் கண்டுபிடித்ததல்ல. யுனிவர்சல் நிறுவனம் 1943இலேயே ஃபிராங்கன்ஸ்டைனின் பூதத்தையும் ஓநாய் மனிதனையும் ஒரே படத்தில் மோதவிட்டது. அடுத்த ஆண்டே டிராகுலாவும் கூட்டத்தில் சேர்ந்தார். 1948இல் அதே பூதங்கள் அபாட் - காஸ்டெல்லோ நகைச்சுவை ஜோடியைத் துரத்திக்கொண்டிருந்தன. பயமுறுத்த வந்தவை ஐந்தே ஆண்டுகளில் சிரிப்புக்காட்டும் நிலைக்கு வந்துவிட்டன.

காமிக்ஸில் விஷயம் இன்னும் நுட்பமானது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழைத் தொடங்கியது 1961இல். ஸ்பைடர்மேனுக்கென்று தனி இதழ் 1963இல் வந்தபோது, கையில் காசில்லாத பீட்டர் பார்க்கர் அந்த நால்வர் அணியில் வேலை கேட்டுப் போகிறான். சம்பளம் கிடையாது என்று தெரிந்ததும் திரும்பிவிடுகிறான். இரண்டு கதைகள் சந்திக்கும் இடத்தில் பேசப்படுவது ஒரு பையனின் பணமுடை. அதே இதழ்களில் இன்னொரு பழக்கமும் வளர்ந்தது. படக் கட்டத்துக்குள் நட்சத்திரக் குறி போட்டு, இந்தச் சம்பவம் எத்தனையாவது இதழில் நடந்தது என்று ஆசிரியர் அடிக்குறிப்பு தருவார். வாசகர் அந்த இதழையும் வாங்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. வேலை தேடிப்போன பீட்டரும் அந்த நட்சத்திரக் குறியும் இரண்டு வேறு வழிகள். முதலாவது மனிதர்களை இணைக்கிறது, இரண்டாவது சரக்குகளை இணைக்கிறது. பின்னால் வந்த சினிமாவில் நடந்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

மார்வெல் ஸ்டுடியோஸுக்கு முந்திய தொடர்ச்சிப் படங்கள் பெரும்பாலும் தத்தம் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தவை. ‘சூப்பர்மேன் 2’, டிம் பர்ட்டனின் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’, ‘எக்ஸ் 2’ ஆகியவற்றை வாசகர்கள் அறிவார்கள். இவற்றில் உச்சம் சாம் ரைமியின் ‘ஸ்பைடர்மேன் 2’ (2004). முதல் படத்தில் மாமா பென் இறந்ததற்குத் தானும் காரணம் என்பதை, சாப்பாட்டு மேஜையில் அத்தை மேயின் முன்னால் உட்கார்ந்து பீட்டர் சொல்லும் காட்சி, இந்த வகைப் படங்களில் முந்தைய பாகம் எப்படி நினைவுகூரப்பட வேண்டும் என்பதற்கு இன்றுவரை பாடம். முதல் பாகத்தின் சம்பவம் அங்கே தகவலாக வருவதில்லை. நெஞ்சில் கனக்கும் குற்றவுணர்வாக வருகிறது. மனம் குழம்பினால் மணிக்கட்டிலிருந்து வலை வருவதில்லை. நினைவு உடம்பைப் பாதிக்கிறது.

2005இல் மார்வெல் தன் பாத்திரங்களின் படமாக்கும் உரிமையை ஈடாக வைத்து மெரில் லிஞ்ச் மூலம் 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றது. 2008இல் முதல் ‘அயர்ன் மேன்’ வந்தது. எழுத்து ஓடி முடிந்தபின் நிக் ஃப்யூரி இருட்டிலிருந்து வெளிப்பட்டு அவெஞ்சர்ஸ் பற்றிப் பேசினார். அப்போது அது ஒரு குறும்பு. மறு ஆண்டு டிஸ்னி மார்வெலைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய பிறகு அது கொள்கையாக மாறியது. அதன் முதல் பலி ‘அயர்ன் மேன் 2’ (2010).

நடந்த சேதத்தை அந்தப் படத்தின் ஒரே காட்சியில் பார்த்துவிடலாம். நெஞ்சில் பதித்த கருவியின் பல்லேடியம் டோனி ஸ்டார்க்கின் ரத்தத்தில் விஷமாகக் கலந்துகொண்டிருக்கிறது. செத்துப்போவோம் என்று தெரிந்த பணக்காரன் குடிக்கிறான், கவசத்தோடு பிறந்தநாள் விருந்தில் கூத்தடிக்கிறான், நண்பனோடு அடித்துக்கொள்கிறான். நல்ல படம் ஒன்று தொடங்கும் இடம் அது. மறுநாள் காலை டோனட் கடையின் கூரைமேல் இருக்கும் ராட்சத டோனட்டில் உட்கார்ந்திருக்கும் அவனிடம் ஃப்யூரி வருகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே நடாஷா அவன் கழுத்தில் ஊசியைக் குத்துகிறாள். விஷத்தின் அறிகுறிகள் தணிகின்றன. ஒரு மனிதன் தன் சாவோடு நடத்திக்கொண்டிருந்த வழக்கில் பொதுக் கதையுலகம் குறுக்கே புகுந்து ஊசி போட்டுவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. டோனியை வீட்டுக்காவலில் வைத்த ஏஜென்ட் கோல்சன், நியூ மெக்சிகோவில் வேலை வந்துவிட்டது என்று பாதியில் கிளம்பிப் போகிறார். என்ன வேலை? எழுத்து ஓடிய பிறகு பாலைவனத்தில் தோரின் சுத்தியல் கிடப்பதைக் காட்டுகிறார்கள். அடுத்த படத்தின் படப்பிடிப்புக்குப் போவதற்காக ஒரு பாத்திரம் இந்தப் படத்தை விட்டு வெளியேறிய காட்சி அது. ஜான் ஃபேவ்ரூ அதற்குப் பிறகு மார்வெலுக்காகப் படம் இயக்கவில்லை.

2012இல் ‘தி அவெஞ்சர்ஸ்’ வந்து 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் உச்சக்கட்டத்தில் டோனி ஓர் ஏவுகணையைச் சுமந்துகொண்டு வானத்தில் திறந்த துவாரத்துக்குள் போய், அந்தப் பக்கத்து இருட்டைப் பார்த்துவிட்டு, உணர்விழந்து கீழே விழுகிறான். கண்விழித்ததும் ஷவர்மா சாப்பிடக் கூப்பிடுகிறான். அரங்கம் சிரிக்கிறது. இந்தச் சிரிப்பை நம்பாத ஒரே ஆள் ஷேன் பிளாக்.

‘லீத்தல் வெப்பன்’ திரைக்கதையை எழுதியவர் அவர். ‘கிஸ் கிஸ் பேங் பேங்’ (2005) படத்தில் ராபர்ட் டவுனி ஜூனியரை இயக்கியவர். கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் துப்பறியும் கதை, ஓயாத வாயாடித்தனம், அடிபட்டு நொண்டும் நாயகர்கள் என்று அவருக்கென்று ஒரு சொந்த உலகம் இருந்தது. ட்ரூ பியர்ஸோடு சேர்ந்து எழுதிய ‘அயர்ன் மேன் 3’இல் அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

‘தி அவெஞ்சர்ஸ்’ படத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது என்ன என்று பார்ப்போம். ஓர் உணவகத்தில் டோனியும் ரோடியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் வந்து, தாங்கள் வரைந்த அயர்ன் மேன் படத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். பேச்சு நியூயார்க்கில் நடந்த அந்தச் சண்டையின் பக்கம் திரும்புகிறது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் டோனியின் கையில் கிரேயான் உடைகிறது. மூச்சு முட்ட வெளியே ஓடி, தெருவில் நிற்கும் கவசத்துக்குள் புகுந்துகொண்டு, இதயமா, மூளையா, யாராவது விஷம் வைத்துவிட்டார்களா என்று ஜார்விஸிடம் கேட்கிறான். பதற்ற நோய் என்கிறது இயந்திரம். அவனுக்கு அது அவமானமாக இருக்கிறது. இதயம் பழுதாவதை ஒத்துக்கொள்ளும் பொறியாளனால் மனம் பழுதாவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. உலகமே கொண்டாடிய ஒரு வெற்றி, ஜெயித்தவன் உடம்பில் நடுக்கமாக மிஞ்சியிருக்கிறது. பொதுக் கதையுலகம் என்ற ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல பயன் ஒன்றை மார்வெலில் எந்தப் படமும் கண்டுபிடிக்கவில்லை. முந்தைய படத்தைப் பார்க்காதவருக்கும் அந்த நடுக்கம் புரியும்; பார்த்தவருக்கு ஷவர்மா கசக்கும். அடிக்குறிப்பே வேண்டாம்.

வீடு இடிந்து கடலுக்குள் விழுந்தபின், டென்னஸியில் பனி கொட்டும் சிற்றூர் ஒன்றில், செயலிழந்த கவசத்தை நாற்காலி போல இழுத்துக்கொண்டு போகும் டோனியைப் படம் காட்டுகிறது. இனி வெகுநேரம் அவனிடம் கவசம் இல்லை. துணைக்கு ஹார்லி என்ற பையன்தான். அந்தப் பையன் நியூயார்க் பற்றிக் கேட்கக் கேட்க டோனி மறுபடியும் சரிகிறான். ஆறுதல் சொல்லத் தெரியாத பையன், நீ மெக்கானிக்தானே, எதையாவது செய் என்று எரிச்சலாகச் சொல்லிவைக்கிறான். சாமான் கடையில் வாங்கிய பொருள்களை வைத்துத் தானே ஆயுதம் செய்துகொண்டு எதிரியின் மாளிகைக்குள் டோனி நுழைவது அதன் பிறகுதான். அரசு விமானத்திலிருந்து வீசப்பட்ட 13 பேரைக் காப்பாற்றும் காட்சியும் அப்படியே. நான்கு பேரைத்தான் தூக்க முடியும் என்கிறது ஜார்விஸ். விழுபவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாகிறார்கள். நிஜமான வான்குதிப்பு வீரர்களை வைத்து எடுத்த காட்சி. காற்று அவர்கள் முகச்சதையை இழுப்பது தெரிகிறது. எல்லோரும் பிழைத்த பிறகு கவசத்தை ஒரு லாரி மோதிச் சிதறடிக்கிறது. உள்ளே யாருமில்லை. டோனி வேறெங்கோ இருந்து இயக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

ரசிகர்கள் இந்தப் படத்தை மன்னிக்காததற்குக் காரணம் மாண்டரின். தொலைக்காட்சியில் தோன்றி அமெரிக்காவை மிரட்டும் அந்தத் தாடிக்காரப் பயங்கரவாதி, ஆல்ட்ரிச் கில்லியன் என்ற தொழிலதிபர் கூலிக்கு அமர்த்திய ட்ரெவர் ஸ்லாட்டரி என்னும் குடிகார நாடக நடிகன் என்று பாதிப் படத்தில் தெரியவருகிறது. காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லி, பீர் குடித்துவிட்டு உளறும் இந்த ஆளாக நடித்திருப்பதே தனிச் சுவை. 2001க்குப் பிந்தைய அமெரிக்காவில், கிழக்கிலிருந்து வரும் வில்லன் முகத்தைத் தயாரித்துக் கொடுப்பதே ஒரு தொழில், அதற்குப் பின்னால் கோட்டு சூட்டு போட்ட கம்பெனி இருக்கிறது என்று 20 கோடி டாலர் செலவில் எடுத்த சூப்பர் ஹீரோ படம் ஒன்று துணிந்து சொன்னது. மஞ்சள் இன வெறுப்பில் பிறந்த பழைய காமிக்ஸ் வில்லனுக்கு இதைவிடப் பொருத்தமான கதி வேறில்லை. காமிக்ஸ் விசுவாசிகளோ தங்கள் வில்லனைத் திருடிவிட்டதாகக் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே, பியர்ஸே இயக்கிய ‘ஆல் ஹெயில் தி கிங்’ குறும்படத்தில், உண்மையான தலைவர் வேறொருவர் உயிரோடு இருக்கிறார் என்று திருத்தம் வந்தது. 2021இல் ‘ஷாங்-சி’ அந்தத் திருத்தத்தை நிறைவேற்றியது. டோனி லியுங் அதில் அருமையாக நடித்தார் என்பது வேறு விஷயம். ஒரு படத்தின் கூர்மையான கருத்து, பொதுக் கதையுலகத்தின் ஒழுங்குக்காக மழுங்கடிக்கப்பட்டது என்பதே நம் விஷயம்.

குறைகள் இல்லாத படம் அல்ல இது. ரெபெக்கா ஹாலின் மாயா ஹான்சன் பாதியிலேயே வீணடிக்கப்படுகிறாள். வில்லன் பாத்திரம் முதலில் ஒரு பெண்ணுக்காகவே எழுதப்பட்டது என்றும், பெண் பொம்மை விற்காது என்ற கணக்கில் மேலிடத்தின் உத்தரவால் மாற்றப்பட்டது என்றும் ஷேன் பிளாக்கே பின்னால் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். துறைமுகச் சண்டையில் டஜன் கணக்கில் கவசங்கள் பறப்பது, அதுவரை படம் சொன்னதற்கே முரண். ஆனாலும் முடிவில் டோனி அத்தனை கவசங்களையும் வெடிக்க வைக்கிறான். அறுவைச் சிகிச்சையில் நெஞ்சிலிருந்த உலோகத் துணுக்குகளை எடுத்துவிடுகிறார்கள். ஒளிவட்டக் கருவியைக் கடலில் எறிகிறான். எழுத்து ஓடிய பிறகு வரும் காட்சியில், இதுவரை நாம் கேட்ட கதையை டோனி ப்ரூஸ் பேனரிடம் மனநல ஆலோசனைபோலச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான் என்று தெரிகிறது. பேனர் எப்போதோ தூங்கிவிட்டார். அடுத்த படத்துக்கு விளம்பரம் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் தன் வலியைச் சொல்கிறான், பொதுக் கதையுலகத்தின் பிரதிநிதி குறட்டை விடுகிறார். விளம்பரக் காட்சிகளைப் பற்றி மார்வெலுக்குள்ளிருந்தே வந்த ஆகச் சிறந்த கேலி அது. 120 கோடி டாலருக்கு மேல் வசூலான படம் என்பதால், மக்கள் இதை ஏற்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டே ஆண்டுகளில் ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ வந்தது. முதல் காட்சியிலேயே டோனி கவசத்தோடு பறக்கிறான். எப்படி, ஏன் என்று ஒரு சொல் இல்லை. துறந்தவன் திரும்பி வந்ததற்குக் காரணம் சொல்லக்கூட அந்தப் படத்துக்கு நேரமில்லை. ஆனால் தோரை ஒரு குகைக்குள் குளத்தில் இறக்கி, வரப்போகும் படங்களின் கற்களைப் பற்றிக் கனவு காண வைப்பதற்கு நேரம் இருந்தது. 2016இல் ‘சிவில் வார்’ படத்தில், தன்னால் நிறுத்த முடியவில்லை, நிறுத்தும் ஆசையும் இல்லை என்று டோனி ஓரிரு வாக்கியங்களில் ஒப்புக்கொள்கிறான். ஒரு முழுப் படத்தின் முடிவை ரத்து செய்ததற்கான ரசீது அவ்வளவுதான்.

இதற்கு எதிராக முன்வைக்கப்படும் படம் ருஸோ சகோதரர்களின் ‘தி வின்டர் சோல்ஜர்’ (2014). ஷீல்டு என்ற உளவு அமைப்பையே கவிழ்த்தது, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதைப்போக்கையும் சில நாள்களுக்குள் மாற்றியது, ஆகவே இதுதான் முன்மாதிரி என்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் அதன் பலம் கவிழ்ப்பில் இல்லை. தான் பனியில் உறைந்திருந்த ஆண்டுகளில் தவறவிட்டவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் ஸ்டீவ் ரோஜர்ஸ் எழுதிவைத்திருக்கிறான். அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது படத்தின் உயிர். நண்பனின் முகத்தைக் கண்டதும் கை தளரும் இடத்தில் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் குறிப்பேட்டை மறந்துவிட்டுக் கவிழ்ப்பை மட்டும் கற்றுக்கொண்டார்கள். ‘சிவில் வார்’ நல்ல படமாவதும் இதே காரணத்தால்தான். சோகோவியாவில் செத்துப்போன மகனின் புகைப்படத்தை ஒரு தாய் டோனியின் கையில் வைக்கிறாள். ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் வெறும் பின்னணியாக இடிந்து விழுந்த கட்டடங்களுக்கு அங்கே ஒரு பெயர் கிடைக்கிறது.

கடந்த சில ஆண்டுகளின் சரிவுக்குச் சொல்லப்படும் விளக்கம் எண்ணிக்கை: படங்களும் தொடர்களும் அதிகமாகிவிட்டன, மக்கள் சலித்துவிட்டார்கள். டிஸ்னியின் தலைவராக இருந்தபோது பாப் ஐகரும் இதையே சொன்னார். பாதி உண்மை. ‘தி மார்வெல்ஸ்’ (2023) புரிய வேண்டுமென்றால் ஒரு படமும் இரண்டு தொடர்களும் பார்த்திருக்க வேண்டும். 113 கோடி டாலர் வசூலித்த முதல் பாகத்துக்கு அடுத்து வந்த அது சுமார் 20 கோடியில் நின்றது. ஆனால் அதே ஆண்டில் வந்த ஜேம்ஸ் கன்னின் ‘கார்டியன்ஸ்’ மூன்றாம் பாகம் 80 கோடிக்கு மேல் போனது. அதே சலித்த மக்கள்தான் அதையும் பார்த்தார்கள்.

என்ன வித்தியாசம்? ‘வாண்டாவிஷன்’ தொடர் ஒன்பது அத்தியாயங்களில் ஒரு பெண்ணைத் துக்கத்தினூடாக நடத்திக் கூட்டிவந்து, கற்பனைக் குடும்பத்தைத் தானே கைவிட வைத்தது. அடுத்து ‘மல்டிவெர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ அதே குழந்தைகளுக்காக அவளைக் கொலைகாரியாக்கியது. டோனிக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடந்தது. ‘வக்காண்டா ஃபாரெவர்’ சாட்விக் போஸ்மனுக்கான இரங்கலாக நெஞ்சை அறுக்கத் தொடங்கி, இடையிடையே வரப்போகும் படைப்புகளுக்காக உளவுத்துறை ஆட்களுக்கு இடம் ஒதுக்கிக்கொடுத்தது. கன் செய்தது இதற்கு நேரெதிர். ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் கமோரா இறந்தாள். ‘எண்ட்கேம்’ காலப் பயணத்தில் வேறொரு கமோரா வந்து சேர்ந்தாள். மற்றவர்கள் உண்டாக்கிய இந்தக் குழப்பத்தைக் கன் காயமாக மாற்றிக்கொண்டார். காதலித்தவள் எதிரே நிற்கிறாள், அவளுக்கு அந்தக் காதல் நினைவிலேயே இல்லை. கடைசிவரை அவர்களைச் சேர்த்துவைக்கவும் இல்லை. படம் முடியும்போது அணி கலைகிறது.

காமிக்ஸே இப்படித்தானே, செத்தவர்கள் திரும்புவதும் துறந்தவர்கள் மறுபடி கிளம்புவதும் அதன் இயல்புதானே என்று கேட்கலாம். மாத இதழில் பீட்டர் பார்க்கருக்கு வயதாவதில்லை. திரையில் வயதாகிறது. முதல் அயர்ன் மேனில் டவுனிக்கு 43 வயது, ‘எண்ட்கேம்’ வரும்போது 54. அந்தப் படத்தின் இறுதிச்சடங்கில், கூட்டத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் ஓர் இளைஞனைப் பலருக்கு அடையாளம் தெரியவில்லை. டென்னஸிப் பையன் ஹார்லி, அதே நடிகர், வளர்ந்துவிட்டார். காமிக்ஸால் தரமுடியாத இந்தக் காலத்தழும்புதான் திரைப் பொதுக்கதையுலகத்தின் ஒரே சொத்து. கல், கைக்கவசம், பல பிரபஞ்சங்கள் எல்லாம் கடன் வாங்கிய நகை. ஒவ்வொரு முடிவும் ரத்தாகும் என்று தெரிந்துவிட்டால் பார்வையாளர் எதற்காக நெஞ்சைக் கொடுப்பார்? அதிகம் பார்த்ததால் அவர்கள் விலகவில்லை. பார்த்தது எதற்கும் மதிப்பில்லை என்று மார்வெலே கற்றுக்கொடுத்ததால் விலகினார்கள்.

டோனி ஸ்டார்க்கைக் கொன்று முடித்த மார்வெல், 2024 ஜூலையில் அதே டவுனியை டாக்டர் டூமாக மேடையேற்றியது. ‘டூம்ஸ்டே’ படத்தை இயக்குவது ருஸோ சகோதரர்கள் என்றும் அறிவித்தது. பிழைத்துக்கொள்ள ஒரு வழி அதற்குள்ளேயே இருக்கிறது. டோனியின் முகத்தில் இன்னொருவனைப் பார்க்கும்போது அவனை நேசித்தவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கும் துணிவு அந்தப் படத்துக்கு இருந்தால், அது ‘அயர்ன் மேன் 3’இன் வாரிசு. அரங்கம் கைதட்டட்டும் என்பதற்காக மட்டும் அந்த முகம் வருமென்றால், எத்தனை கோடி வசூலித்தாலும் அது இன்னொரு நட்சத்திரக் குறி. பட்டியல்காரர்கள் அதை முதல் வரிசையில் வைப்பார்கள், வைத்துக்கொள்ளட்டும். ஒரு தொடர்ச்சிப் படம் கடந்த படத்துக்குக் கடன்பட்டது, அடுத்த படத்துக்கு அல்ல. பழைய கடனைத் தீர்த்துவிட்டுத் தன் கதையைத் தானே முடித்துக்கொள்ளும் உரிமையை ஒவ்வொரு இயக்குநருக்கும் திருப்பிக் கொடுக்காதவரை, எந்தப் பிரபஞ்சத்தையும் எத்தனை நட்சத்திரங்களைக் கொண்டும் தூக்கி நிறுத்த முடியாது.